தனசீலன் ஒட்டிய சிவப்பு எண்கள்

தனசீலன் அண்ணாச்சிக்காக நான் மொத்தம் ஏழு மனுக்கள் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஏழும் ஆங்கிலத்தில். மாட்டுங்காவில் என் சித்தப்பா நடத்திய டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அப்போது எனக்கு வேலை. முதல் மனுவைத் தட்டும்போது அவர் சொன்னதை நான் நம்பவில்லை. வேலை போன எல்லோரும் சொல்லும் கதைதான் என்று நினைத்தேன். நாலாவது மனுவின்போதுதான் நம்பினேன். அதற்குள் நம்புவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் போய்விட்டது.

அவர் நாசரேத் பக்கத்து ஆள். உலகப்போர் சமயத்தில் வெள்ளைக்காரர்களின் விமானப்படைப் பணிமனையில் சேர்ந்து கருவி மெக்கானிக் ஆனார். விமானத்தின் முகப்பில் விமானிக்கு உயரம், வேகம், திசை எல்லாம் காட்டும் வட்ட வட்டமான டயல்கள் இருக்குமே, அவற்றைப் பிரித்து, துடைத்து, சரிபார்த்துத் திரும்பப் பூட்டுகிற வேலை. நாற்பத்தேழில் பம்பாய்க்கு வந்து, ஜூஹுவில் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தாராவியில் ஒரே அறை கொண்ட வீடு. மனைவி ஏஞ்சலம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் தேய்த்த காக்கிச் சட்டையோடு மாஹிம் வரை நடந்து போய் ரயில் ஏறுவார். அந்தச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும்.

பள்ளியில் அவருடைய தனிப் பொறுப்பு ஒரு பெட்டி. பறக்காத விமானம் என்று அதைச் சொல்லலாம். ஓர் ஆள் உட்காரும் அளவு மரக்கூண்டு, பெயருக்கு இரண்டு குட்டை இறக்கைகள், அடியில் காற்றுத் துருத்திகள். மாணவன் உள்ளே உட்கார்ந்ததும் மேல்மூடியை இழுத்து மூடிவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. முன்னால் இருக்கும் டயல்களை மட்டுமே நம்பி அவன் ஓட்ட வேண்டும். கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை உயிருக்கு ஆபத்தில்லாமல் கற்றுக்கொள்ள அதுதான் வழி.

பதினாறு வருடம் ஓடிய அந்தப் பெட்டி அறுபத்து மூன்றின் தொடக்கத்தில் நின்றுபோனது. துருத்திகள் கிழிந்துவிட்டன. இங்கிலாந்திலிருந்து புதிய துருத்தி வரவழைக்க அந்நியச் செலாவணி அனுமதி கிடைக்கவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றிலிருந்து, ரூபாயிலேயே வாங்கலாம் என்று, பழைய பெட்டி ஒன்றை வரவழைத்தார்கள். நல்ல பெட்டி. பழையதைவிட மென்மையாக அசைந்தது. டயல்கள்தான் வேறு மாதிரி. பள்ளியின் விமானங்கள் உயரத்தை அடிக்கணக்கில் காட்டின. இந்தப் பெட்டி மீட்டரில் காட்டியது. வேகம் கிலோமீட்டரில்.

அந்தக் காலத்தில் ஊரே மாறிக்கொண்டிருந்தது. சேர் போய் கிலோ வந்துவிட்டது, கஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. தாராவிச் சந்தையில் பெண்கள் சேரில் விலை கேட்டு கிலோவில் வாங்கிப்போனார்கள். பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் கேப்டன் சாப் என்பார்கள். அவருக்குப் புதிய பெட்டியின் மேல் பெருமை. நாடே மீட்டருக்குப் போகிறது, விமானங்களும் நாளைக்கே போய்விடும், நாம் முந்திக்கொண்டோம் என்று எல்லோரிடமும் சொன்னார். மாணவர்கள் பெட்டிக்குள் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாள்களில் புதிதாகத் தட்டச்சு செய்ய வைத்தார். பழைய தாள்களில், பூனா மேட்டுநிலத்திலிருந்து இறங்கித் திரும்பும்போது மாத்தேரான் மலையைத் தாண்டும்வரை 3500 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று இருந்தது. புதிய தாளில் அது 1000 ஆயிற்று. ஆயிரம் மீட்டர் என்றால் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் அடி. மலை இரண்டாயிரத்து அறுநூறு அடிதான். கணக்கு சரி. ஆனால் தாளில் வெறும் 1000 என்று மட்டும் இருந்தது. மீட்டர் என்ற சொல் இல்லை.

அறுபத்து நாலு பிப்ரவரியில் ஒரு மாணவன் ஜூஹுவில் இறங்க வரும்போது கடற்கரைத் தென்னைகளை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து வந்தான். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். கேப்டன் அவனைக் குருடன் என்று திட்டினார். மைதானத்தைச் சுற்றும்போது ஆயிரம் அடியில் இருக்க வேண்டியவன் முந்நூறு அடியில் இருந்திருக்கிறான். தனசீலன் மட்டும் அவனைத் தனியே கூப்பிட்டு, "பொட்டியில சுத்தும்போது எத்தனையில இருப்ப?" என்று கேட்டார். முந்நூறு என்றான் பையன். அதைச் சொல்லும்போதே அவன் முகம் வெளிறிப்போனதாம்.

அடுத்த நாளே அவர் ஒரு வேலை செய்தார். மெல்லிய செல்லுலாய்டு தகட்டில் வளையம் வெட்டி, அதில் சிவப்பு மையால் அடிக்கணக்கு எண்களை எழுதி, பெட்டியின் உயர டயலைச் சுற்றி ஒட்டினார். முள் மீட்டரில் 300 காட்டும் இடத்தில் சிவப்பில் 1000 என்று இருக்கும். மாணவன் இரண்டையும் ஒரே பார்வையில் பார்ப்பான். செய்ததைப் பெட்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் வைத்தார். எது செய்தாலும் எழுதிவைப்பது அவருக்குப் போர்க்காலத்திலிருந்தே பழக்கம்.

அந்த எண்களால் அதிகம் மகிழ்ந்தவன் நஜிமுதீன். தாராவியில் தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்த மன்சூர் அலி பாயின் ஒரே மகன். அவர்களும் திருநெல்வேலிப் பக்கம், மேலப்பாளையம். பட்டறை நாற்றத்துக்கு நடுவில் வளர்ந்த பையன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, விமானிதான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மன்சூர் அலி முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் தனசீலன் வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, நீரு அங்கனதான இருக்கீரு, ஒரு பாரம் வாங்கித் தாரும்" என்றார். தனசீலன்தான் விண்ணப்பப் படிவம் வாங்கிக் கொடுத்தார்.

சிவப்பு எண்கள் மூன்று வாரம் இருந்தன. பிறகு பெட்டிக்கு அங்கீகாரம் கொடுக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. கேப்டன் டயலைப் பார்த்தார்.

"யார் செய்த வேலை இது?"

"நான்தான் சார். பசங்க குழம்புறாங்க. விமானத்துல அடி, இதுல மீட்டர்."

"கம்பெனிக்காரன் சீல் வைத்து அனுப்பிய டயலில் கை வைத்திருக்கிறாய். நாளை அவர் பார்த்தால் அங்கீகாரம் போய்விடும். எடு."

"சார், தாளிலயாவது மீட்டர்னு போட்டுட்டா..."

"மாணவர்களிடம் வரைபடம் இருக்கிறது. அதில் மலையின் உயரம் அடியில்தான் இருக்கிறது. பி.எஸ்ஸி. படித்தவனுக்கு அது தெரியாதா? எடு என்றேன்."

தனசீலன் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து வளையத்தை எடுத்தார். ஓரத்தில் இரண்டு மூன்று எண்களின் மை கண்ணாடிக்கடியில் இறங்கியிருந்தது. அது முழுக்கப் போகவில்லை. புத்தகத்தில் எழுதப் போனபோது கேப்டன் தடுத்துவிட்டார். எடுத்ததையும் எழுதினால் ஒட்டியதைப் பற்றி அதிகாரி கேட்பார், அந்தப் பக்கம் அப்படியே கிடக்கட்டும் என்றார். தனசீலன் பேனாவை மூடிவிட்டார்.

இதை என்னிடம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். "மூடியிருக்கக் கூடாது தம்பி," என்பார். "ஒரு வரி. எழுதுனா அன்னைக்கே வேலையவுட்டுத் தூக்கியிருப்பான். தூக்கட்டும்னு எழுதியிருக்கணும்."

அக்டோபர் முதல் வாரம் நஜிமுதீன் தனியாகப் பூனாவுக்குப் பறந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது. உரிமம் பெறுவதற்கு முந்தைய பெரிய பயிற்சி அது. அதற்கு முன் ஒரு வாரம் அதே வழியை அவன் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மாத்தேரான் தாண்டும்வரை 1000. தனசீலன் வெளியே மேஜையருகே நின்று, பெட்டியோடு இணைத்திருந்த சின்ன மைச்சக்கரம் வரைபடத்தின் மேல் அவன் பாதையை வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு தடவைகூட விலகவில்லை.

போகும்போது வானம் வெளுத்திருந்தது. திரும்பும்போது, மதியம், மலைத்தொடரின் மேல் மழைமேகம் கவிந்துவிட்டது. அந்த வருடம் மழை போகாமல் நின்று விளையாடிக்கொண்டிருந்தது. மேகத்துக்குள் நுழைந்ததும் பையன் படித்ததைத்தான் செய்தான். வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு டயல்களைப் பார்த்தான். பூனா மேட்டின் விளிம்பைத் தாண்டியதும் ஆயிரத்துக்கு இறங்கினான். ஜூஹுவிலிருந்து அவனோடு வானொலியில் பேசியவர் பிறகு சொன்னார்: குரலில் பயமே இல்லை. "ஆயிரத்தில் நிலையாக வருகிறேன்" என்றான். ஆயிரம் அடி என்றால் அவன் மலையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மலைவாசிகள் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். உடலை வடாலாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தனசீலன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். மன்சூர் அலி அவரைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, அவன் வண்டி கெட்டுப்போச்சா? அத மட்டும் சொல்லும்" என்று கேட்டார். தனசீலனுக்கு அப்போது எதுவும் தெரியாது. "பாத்துச் சொல்லுதேன் பாய்" என்றார்.

நாலு நாள் கழித்து, உடைந்த கருவிகளைச் சரிபார்க்க அவரையே கூப்பிட்டார்கள். உயர டயலின் முள் மோதிய இடத்திலேயே சிக்கி நின்றிருந்தது. ஆயிரம் அடிக்குச் சற்றுக் கீழே. அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. காற்றழுத்தத்துக்கு ஏற்ப வைக்கும் திருகும் சரியான எண்ணில் இருந்தது. கருவி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. ஆயிரத்தில் நிலையாக இருந்தால் மலைக்கு மேலே இருக்கிறோம் என்று பையன் நம்பியிருக்கிறான். பெட்டிக்குள் ஒவ்வொரு தடவையும் அது உண்மையாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் ஏஞ்சலம்மாள் கேட்டாள்.

"ஏங்க, வண்டியில கோளாறா?"

"வண்டியில ஒண்ணுமில்ல. நாங்கதான் கொன்னுட்டோம்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

"செஞ்சத அழிச்சேன்" என்றார்.

டிசம்பரில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. தனசீலன் எதையும் மறைக்கவில்லை. தாளில் மீட்டர் என்ற சொல் இல்லாததையும், தான் சிவப்பு எண்கள் ஒட்டியதையும், கேப்டன் சொல்லி எடுத்ததையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். குழுவின் தலைவர் பராமரிப்புப் புத்தகத்தைத் திருப்பினார்.

"ஒட்டியதாக உம் கையெழுத்தில் இருக்கிறது. எடுத்ததாக எங்கே இருக்கிறது?"

"எழுத வேண்டாம்னு சொன்னாங்க."

"யார்?"

தனசீலன் கேப்டனைப் பார்த்தார். கேப்டன், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, எண்களைத் தான் பார்த்ததுமில்லை என்றார். மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, டயலில் சிவப்பு எண்கள் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். பார்த்தோம் என்றார்கள். அது உண்மைதான். எப்போது வரை இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பெட்டியையே போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடியில் சிவப்பு மையின் மிச்சம் இருந்தது. பயிற்சித் தாள்களைக் கேட்டபோது பள்ளி கொண்டுவந்து கொடுத்தது. எல்லாத் தாளிலும் 1000 மீட்டர் என்று தெளிவாக இருந்தது. அந்தச் சொல்லின் மை மட்டும் புதிதாக இருந்தது என்று தனசீலன் சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் அறிக்கை வந்தது. விபத்துக்கு விமானியின் தவறே காரணம். அதற்குத் துணையாக அமைந்தது, மெக்கானிக் ஒருவர் அனுமதியின்றிப் பயிற்சிக் கருவியின் டயலில் எழுதிய எண்கள். அவை மாணவர்களைக் குழப்பியிருக்கின்றன. தனசீலனின் தகுதிச் சான்றிதழ் ரத்தானது. அன்றே பள்ளி அவரை நிறுத்திவிட்டது.

அவரை நொறுக்கியது அதுவல்ல. அறிக்கையின் சாரம் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் நாலு வரி வந்தது. யாரோ அதை மன்சூர் அலிக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். தனசீலன் விளக்கம் சொல்லப் பட்டறைக்குப் போனார். அப்போது நானும் கூட இருந்தேன். முதல் மனுவைத் தட்டிக் கொடுத்த நாள் அது. துணைக்கு வாரும் என்று கூப்பிட்டிருந்தார்.

மன்சூர் அலி தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாய், ஒரு நிமிசம். அந்த நம்பர் பையனக் குழப்பல. அது இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான்."

"நீரு எழுதுனீரா, இல்லையா?"

"எழுதுனேன். ஆனா..."

"எழுதலாம்னு ஒமக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

"அது மீட்டரு பாய், இது அடி. ஆயிரம் மீட்டருன்னா..."

"எனக்குக் கணக்குச் சொல்லாதயும்." அப்போதுதான் மன்சூர் அலி நிமிர்ந்தார். கண்கள் வறண்டு கிடந்தன. "நான் ஒம்மகிட்ட ஒரு பாரந்தான கேட்டேன். எம்மவனத் திருப்பிக் கொண்டாந்து தாரும்னா கேட்டேன்? போயிரும். இனிமே இந்தத் தெருவுல என் கண்ணுல படாதயும்."

ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் எப்படிக் கண்ணில் படாமல் இருக்க முடியும்? தனசீலன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மன்சூர் அலி பட்டறை திறக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார். திரும்பும்போது சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வருவார். ஏஞ்சலம்மாள் குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை.

நான் மேல்முறையீடு தட்டினேன். பதில் வரவில்லை. இரண்டாவது மனு, மூன்றாவது மனு. அதே வருடம் செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தது. ஊர் முழுக்க விளக்கணைப்பு, தலைக்கு மேல் போர் விமானங்கள். ஒரு மெக்கானிக் ஒட்டிய வளையத்தைப் பற்றி அப்போது யார் யோசிப்பார்கள்? மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று கேட்கப் போனால் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

அறுபத்தாறில், பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், மன்சூர் அலி பட்டறையை விற்றுவிட்டு மேலப்பாளையத்துக்கே திரும்பப்போவதாகப் பேச்சு வந்தது. அவர் சாமான் அனுப்ப விக்டோரியா டெர்மினஸ் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், அவர் மனைவி ஆபிதா ஆளனுப்பித் தனசீலனைக் கூப்பிட்டாள். கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே பேசினாளாம். தனசீலன் அதை என்னிடம் அப்படியே சொன்னார்.

"அண்ணே, எம்மவன் எங்கிட்டச் சொல்லியிருக்கான். தனசீலன் மாமா செவப்புல எழுதிப் போட்டாவ, இப்பம் நல்லா வெளங்குதும்மான்னான். பொறவு ஒருநா வந்து, அத அழிச்சிட்டாவ உம்மா, மறுபடியும் கொழம்புதுன்னான். அழிச்சது எனக்குத் தெரியும்."

தனசீலன் அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இத பாய்கிட்டச் சொன்னியாம்மா?"

"ஒரு தடவ சொன்னேன். ரெண்டு நா சோறு திங்கல. அவுகளுக்கு யாரையாவது வெறுக்கணும் அண்ணே. ஒங்கள வெறுக்கலேன்னா, அனுப்பிவச்ச தன்னையே வெறுப்பாவ. தாங்கமாட்டாவ. நீங்க பொறுத்துக்கிடுங்க. ஆனா எனக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியட்டும். அதுக்குத்தான் கூப்புட்டேன்."

அன்றைக்குத்தான் நான் முழுக்க நம்பினேன். நாலாவது மனு பாதியில் இருந்தது. இதை எழுதுவோம் அண்ணாச்சி, தாயின் சாட்சி இது என்றேன். ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது எழுதுறதுக்குச் சொன்னதில்ல தம்பி."

"உங்க வேலை, உங்க பேரு..."

"பேப்பர்ல அவ பேரு வந்தா, அங்க பாய் படிக்கச் சொல்லிக் கேப்பாரு. வேண்டாம். இருக்கதவச்சு எழுதும்."

இருந்ததை வைத்து எழுதினேன். ஐந்தாவது, ஆறாவது. ஆபிதாவும் மன்சூர் அலியும் ஊருக்குப் போய்விட்டார்கள். போன பிறகும் தனசீலன் பின்வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வடாலாவில் கலீலுல்லா என்பவருடைய பட்டறையில் பாய்லர் அழுத்தமானிகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. ஏஞ்சலம்மாள் தையல் மெஷின் வாங்கிச் சட்டைக்குப் பொத்தான்துளை தைத்தாள். பெரியவளுக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள்.

ஏழாவது மனுவுக்கு மட்டும் பதில் வந்தது. அறுபத்தெட்டு நவம்பரில். ஒரே வாக்கியம். விஷயம் முடிக்கப்பட்டுவிட்டது, இனி இது தொடர்பான கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "வச்சிக்கிடும். எங்கிட்ட இருந்தா ஏஞ்சல் பாத்துட்டு அழுவா."

அதற்குப் பிறகு நான் செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டேன். ஒரு சாயங்காலம் வடாலா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். உடம்பு வற்றியிருந்தது. காக்கிச் சட்டை இல்லை, கறை படிந்த பனியன் மேல் ஒரு துண்டு. பள்ளியை மூடிவிட்டார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"பொட்டிய வித்துட்டானுவ. வடக்க எங்கியோ ஒரு ஃப்ளையிங் கிளப்புக்கு. டயல மாத்தல. ஷேக் பரீத் சொன்னான், லாரியில ஏத்துறப்ப பாத்திருக்கான்." ஷேக் பரீத் அங்கே எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர்.

"அண்ணாச்சி..."

"லெட்டர் போட்டேன். நானே எழுதினேன், டைப் இல்ல. அங்க இருக்க கருவி மெக்கானிக்குக்கு. பேரு தெரியாது, மெக்கானிக்குன்னே போட்டேன். இது மீட்டரு, ஒங்க வண்டி அடி, தாளப் பாத்துக்கிடுங்கன்னு."

"பதில் வந்ததா?"

"மூணு மாசமாச்சு. கிளப்பு பேரே சரியான்னு தெரியல."

இன்னொரு தடவை எழுதலாமே, நான் விலாசம் விசாரிக்கிறேன் என்றேன். அவர் தான் கேள்விப்பட்ட கிளப் பெயரைச் சொன்னார். குர்லா வண்டி வந்தது. கூட்டம் தள்ளியது. அவர் ஏறிக்கொண்டார். நான் விலாசம் விசாரித்தேன். எங்கே கேட்டாலும் அப்படி ஒரு கிளப்பைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.